வானில் ஒரு தொலைபேசி நிலையம்

செயற்கைக்கோளை வகுப்பில் அறிமுகப்படுத்தும்போது நாம் பெரும்பாலும் கையில் எடுக்கும் உவமை கண்ணாடி. கீழிருந்து சிக்னல் மேலே போகிறது, கண்ணாடியில் பட்ட ஒளி போலத் திரும்பிக் கீழே வருகிறது என்கிறோம். எட்டாம் வகுப்புக்கு அது போதும். மேல்நிலை வகுப்பில் அதே உவமையை நீட்டித்தால் மாணவர் ஒரு நல்ல கேள்வியைக் கேட்காமலேயே போய்விடுவார்: நாகப்பட்டினத்திலிருந்து மேலே போன சிக்னல் குவாஹாட்டியில் இறங்க வேண்டும், கொச்சியில் இறங்கக்கூடாது என்பது செயற்கைக்கோளுக்கு எப்படித் தெரியும்?

கண்ணாடிக்கு அது தெரியாது. தொலைபேசி நிலையத்துக்குத் தெரியும். இன்றைய பன்கற்றைச் செயற்கைக்கோளுக்குள் இருப்பது அப்படி ஒரு நிலையம்தான். வரும் பாதைகள் பல, போகும் பாதைகள் பல, நடுவே இணைத்துவிடும் சுவிட்சுகள். அந்த நடுப்பகுதியைக் குறைந்த எடையில், குறைந்த மின்சாரத்தில், பழுதானாலும் தாங்கும் வகையில் எப்படி அமைப்பது என்பது பொறியாளர்களின் பெரிய கணக்கு. அந்தக் கணக்கின் பெரும்பகுதி நம் பத்தாம், பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கடலோரப் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது வெறும் பாடம் இல்லை. 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்களிடம் எச்சரிக்கையைக் கொண்டு சேர்க்க வழியில்லாமல் போனது. கைப்பேசிக் கோபுரத்தின் வீச்சு கரையிலிருந்து சில கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் வானம் மட்டுமே வழி. இன்று மீன்பிடிப் படகுகளில் பொருத்தப்படும் இருவழித் தொடர்புக் கருவிகள் இஸ்ரோவின் ஜிசாட்-6 வழியாகப் பேசுகின்றன. 2015 ஆகஸ்டில் ஏவப்பட்ட இந்தச் செயற்கைக்கோள் இந்தியாவை எஸ் பட்டையில் ஐந்து கற்றைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. அதில் விரியும் ஆண்டெனாவின் குறுக்களவு 6 மீட்டர். ஏன் ஐந்து? ஏன் 6 மீட்டர்? இங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

கற்றையின் அகலம்

ஒரு கிண்ண ஆண்டெனாவின் கற்றை எத்தனை பாகை விரியும் என்பதற்கு ஒரு தோராய விதி உண்டு. அலைநீளத்தை ஆண்டெனாவின் விட்டத்தால் வகுத்து 70-ஆல் பெருக்கினால் பாகை கிடைக்கும். ஜிசாட்-6 பயன்படுத்தும் சுமார் 2.5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு அலைநீளம் 12 சென்டிமீட்டர். விட்டம் 6 மீட்டர் என்றால் 70 × 0.12 ÷ 6 = 1.4 பாகை. இதை ரேடியனாக்கி, புவிநிலைச் சுற்றுப்பாதையின் உயரமான 35,786 கிலோமீட்டரால் பெருக்கினால் தரையில் ஏறக்குறைய 870 கிலோமீட்டர் அகலமுள்ள வட்டம். நம் நாட்டையும் சுற்றியுள்ள கடலையும் மூட இப்படிச் சில வட்டங்கள் தேவை. ஐந்து என்ற எண் இப்போது வியப்பாக இராது.

அதே அலைக்கு 1 மீட்டர் கிண்ணம் வைத்தால்? 8.4 பாகை. தரையில் 5,200 கிலோமீட்டருக்கு மேல். படகிலிருக்கும் சின்னக் கருவிக்காகச் செலவிட வேண்டிய சக்தி அரபு நாடுகள் வரை சிதறிப்போகும். அகலத்தை ஆறில் ஒன்றாகக் குறைத்தால் பரப்பு முப்பத்தாறில் ஒன்றாகக் குறைகிறது. அதே சக்தி 36 மடங்கு செறிவாகக் கிடைக்கிறது. டார்ச் விளக்கைச் சுவருக்கு அருகிலும் தொலைவிலும் பிடித்து ஒளிவட்டத்தின் பரப்பை அளக்கச் சொன்னால் ஒன்பதாம் வகுப்பு மாணவரே இதைக் கண்டுபிடிப்பார்.

குறுகிய கற்றைக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஒரே அதிர்வெண்ணைத் தொலைவிலுள்ள இன்னொரு கற்றையில் மீண்டும் பயன்படுத்தலாம். அடுத்தடுத்த கற்றைகள் மட்டும் ஒன்றோடொன்று மோதக்கூடாது. அதிர்வெண் பட்டையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரு தளவிளைவுகளில் அனுப்பினால் நான்கு ‘நிறங்கள்’ கிடைக்கின்றன. பொறியாளர்களே இதை நான்கு நிற மறுபயன்பாடு என்றுதான் அழைக்கிறார்கள். கரும்பலகையில் தேன்கூடு போல அறுகோணங்களை வரைந்து, ஒட்டியிருக்கும் இரண்டுக்கு ஒரே நிறம் வராமல் நான்கு சுண்ணக்கட்டிகளால் நிரப்பச் சொல்லுங்கள். மூன்று நிறமே போதுமே என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். சரிதான், போதும். ஆனால் நான்கில் ஒரே நிறமுள்ள இரண்டு கற்றைகளுக்கு இடையேயான தொலைவு கூடுகிறது, இரைச்சல் குறைகிறது. பட்டையை இரண்டாகவும் தளவிளைவை இரண்டாகவும் பிரிப்பது கருவிக்கும் எளிது.

2018 டிசம்பர் 5 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-11-இல் பயனர்களுக்காகக் கே.யு. பட்டையில் 32 கற்றைகளும், இணைய வலையமைப்போடு இணைக்கும் மையங்களுக்காகக் கே.ஏ. பட்டையில் 8 கற்றைகளும் இருக்கின்றன. எடை 5,854 கிலோ. 2024 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-என்2-இலும் 32 பயனர் கற்றைகள். அவற்றில் 8 குறுகிய கற்றைகள் வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டுமே. மலைப்பகுதிக்கு இழை வடம் இழுப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பங்கீட்டின் காரணம் புரியும்.

கற்றைகள் பெருகின. இனி அவற்றை இணைக்க வேண்டும்.

இணைப்புகளை எண்ணுதல்

எளிய வழி குறுக்குக் கம்பிகள். வரும் பாதைகளைக் கிடைக்கோடுகளாகவும் போகும் பாதைகளைச் செங்குத்துக் கோடுகளாகவும் வரைந்து, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சுவிட்ச் வைத்தால் எந்த வரவையும் எந்தச் செலவோடும் இணைக்கலாம். 4 பாதைக்கு 16 சுவிட்ச், 8-க்கு 64, 64-க்கு 4,096. பத்தாம் வகுப்பில் கார்டீசியன் பெருக்கல் நடத்தும்போது இந்தப் படத்தை வரைந்துவிடலாம். உறவு என்பது எந்தெந்தச் சுவிட்ச் மூடியிருக்கிறது என்ற பட்டியல். ஒரு நிரையில் ஒன்று, ஒரு நிரலில் ஒன்று மட்டும் மூடியிருந்தால் அது இருபுறச் சார்பு. ‘உறவுகளும் சார்புகளும்’ பாடத்தில் அம்புக்குறிப் படத்தைத் தாண்டி ஓர் உயிருள்ள எடுத்துக்காட்டு வேண்டும் என்று தேடுபவர்களுக்கு இது உதவும்.

இந்த அமைப்பில் இரண்டு தொல்லைகள். ஒன்று எண்ணிக்கை, அதோடு சேர்ந்து வரும் எடை. மற்றொன்று சக்தி இழப்பு. வரும் சிக்னலைப் பதினாறு சந்திப்புகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஒன்றில் மட்டும் எடுத்துக்கொண்டால், பதினாறில் ஒரு பங்குதான் கைக்கு வரும். மடக்கையில் சொன்னால் 12 டெசிபல் இழப்பு. இதனால் பொறியாளர்கள் ஒரு பொது விதி வைத்திருக்கிறார்கள்: சிக்னல் சிறிதாக இருக்கும்போதே வழிமாற்றிவிடு, பெரிய பெருக்கிக்குப் பிறகு முடிந்தவரை கைவைக்காதே. சின்ன சிக்னலில் பறிபோனதைச் சின்னப் பெருக்கி ஈடுகட்டிவிடும். உயர்திறன் பெருக்கிக்குப் பிறகு போகும் ஒவ்வொரு வாட்டும் சூரியத் தகட்டிலிருந்து வந்தது. வெப்பமாக மாறி, அதை வெளியேற்றுவதும் ஒரு வேலையாகிவிடும். வெற்றிடத்தில் மின்விசிறி போட முடியாது அல்லவா.

எண்ணிக்கைச் சிக்கலுக்கான விடை விண்வெளியிலிருந்து வரவில்லை. 1953-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் க்ளோஸ் தொலைபேசி நிலையங்களுக்காக எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. நூறு பேரை நூறு பேரோடு இணைக்க ஒரே பெரிய சட்டகம் என்றால் 10,000 சந்திப்புகள். க்ளோஸ் அதை மூன்று அடுக்காக உடைத்தார். முதல் அடுக்கில் பத்துப் பத்துப் பேராகப் பத்துப் பெட்டிகள். கடைசி அடுக்கிலும் அப்படியே பத்து. நடுவில் சில பெட்டிகள். ஒவ்வொரு நடுப்பெட்டிக்கும் முதல் அடுக்கின் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு கம்பி, கடைசி அடுக்கின் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கம்பி.

நடுவில் எத்தனை பெட்டி வேண்டும்? இங்கே புறாக்கூடு தத்துவம் வேலை செய்கிறது. புதிதாக ஒருவர் பேச வருகிறார். அவருடைய பெட்டியில் இருக்கும் மற்ற ஒன்பது பேரும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தால் ஒன்பது நடுப்பெட்டிகளுக்குப் போகும் கம்பிகள் அடைபட்டிருக்கும். அவர் தேடும் நபரின் பெட்டியிலும் ஒன்பது பேர் பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு ஒன்பது அடைபட்டிருக்கலாம். மிக மோசமான நிலையில் 18. ஆகவே 19 நடுப்பெட்டிகள் இருந்தால் ஒன்றாவது கட்டாயம் காலியாக இருக்கும். மொத்தச் சந்திப்புகளை மாணவரையே கணக்கிடச் சொல்லுங்கள்: முதல் அடுக்கில் 10 × 10 × 19, கடைசியில் அதேபோல் 10 × 10 × 19, நடுவில் 19 × 10 × 10. கூட்டினால் 5,700. பத்தாயிரத்தில் பாதியை விடச் சற்று அதிகம்.

இந்த லாபம் எப்போதும் கிடைக்காது. 25 பாதைகளுக்கு ஐந்து ஐந்தாகப் பிரித்தால் நடுப்பெட்டி 9, சந்திப்புகள் 675. ஒற்றைச் சட்டகத்துக்கு 625 போதும். 36 பாதைகளுக்கு ஆறு ஆறாகப் பிரித்தால் 1,188; ஒற்றைச் சட்டகத்துக்கு 1,296. ஆக 25-க்கும் 36-க்கும் நடுவில் எங்கோ தராசு சாய்கிறது. ‘எந்த முறை சிறந்தது’ என்ற கேள்விக்கு ‘எத்தனை பேருக்கு’ என்று திருப்பிக் கேட்கும் பழக்கத்தை வளர்க்க இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது.

நான்கு மாணவர்களும் ஒரு கயிறும்

அடுத்த படியை வகுப்பறைத் தரையிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு பாதை வந்து இரண்டு பாதை போகும் குட்டிச் சுவிட்சை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டே நிலைகள்: நேராக விடு, அல்லது குறுக்கே மாற்றிவிடு. ரயில் தண்டவாளத்தில் பக்கத்துப் பாதைக்கு மாற்றும் அமைப்பைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். இதை ஒரு மாணவர் ஏற்றுக்கொள்கிறார். இரு கைகளால் இரண்டு கயிறுகளை வாங்கி, நேராகவோ குறுக்காகவோ அடுத்தவரிடம் கொடுப்பார்.

முதல் வரிசையில் இரண்டு பேர், இரண்டாம் வரிசையில் இரண்டு பேர். முதல் வரிசையிலுள்ள ஒவ்வொருவரும் இரண்டாம் வரிசையின் இருவருக்கும் ஆளுக்கொரு கயிற்றைக் கொடுக்க வேண்டும். நான்கு கயிறுகள் உள்ளே வருகின்றன, நான்கு வெளியே போகின்றன. இப்போது கேள்வி: நான்கு வரவுகளையும் நாம் விரும்பிய எந்த வரிசையிலும் வெளியே கொண்டுவர முடியுமா?

சிறிது நேரம் கயிற்றை இழுத்துச் சிக்கிக்கொள்ள விடுங்கள். பிறகு எண்ணச் சொல்லுங்கள். நான்கு சுவிட்சுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை, மொத்தம் 16 அமைப்புகள். நான்கு பொருள்களின் வரிசை மாற்றங்களோ 24. பதினாறால் இருபத்து நான்கை மூட முடியாது. எது முடியாமல் போகிறது என்றும் காட்டிவிடலாம். முதல் கயிறு முதல் வாசலுக்கும் இரண்டாம் கயிறு இரண்டாம் வாசலுக்கும் போக வேண்டும் என்று கேளுங்கள். பார்க்க மிக எளிதான கோரிக்கை. ஆனால் முதலாமவர் தன்னிடம் வந்த இரண்டு கயிறுகளை இரு வேறு ஆட்களிடம் கொடுத்தாக வேண்டும். இரண்டு வாசல்களும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. முடியாது. இப்படி எட்டுக் கோரிக்கைகள் அடைபடும்.

இப்போது நடுவில் இன்னும் இரண்டு பேரை நிறுத்துங்கள். ஆறு சுவிட்சுகள், 64 அமைப்புகள். இருபத்து நான்கும் கிடைத்துவிடும். ஒரு கயிறு நடுவில் மேலே நிற்பவர் வழியாக, அதன் இணைக்கயிறு கீழே நிற்பவர் வழியாக என்று பிரித்துக்கொண்டே போனால் எந்த வரிசையும் அமையும். இந்த அமைப்புக்கு வாட்ஸ்லாவ் பெனெஷ் என்ற கணிதரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். எட்டுப் பாதைகளுக்கு ஐந்து அடுக்கு, அடுக்குக்கு நான்கு, மொத்தம் 20 சுவிட்ச். 64 பாதைகளுக்குப் பதினோரு அடுக்கு, அடுக்குக்கு 32, மொத்தம் 352.

கெட்டிக்கார மாணவர் இங்கே ஒரு இடத்தில் பிடிப்பார்: ஒரு குட்டிச் சுவிட்சுக்குள்ளேயே நான்கு சந்திப்புகள் இருக்கின்றனவே, எட்டுப் பாதைக்கு 20 × 4 = 80 ஆகிறதே, 64-ஐ விட அதிகமில்லையா? ஆம், தனித்தனிச் சந்திப்புகளால் செய்தால் நட்டம்தான். ஒரே அசைவில் இரண்டு பாதைகளையும் மாற்றும் முழுச் சுவிட்சாகச் செய்தால் லாபம். 64 பாதைகள் என்றால் எப்படி எண்ணினாலும் லாபம்; 352 × 4 = 1,408, எதிர்ப்பக்கம் 4,096. அப்படிக் கேட்ட மாணவரைப் பாராட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஆனால் இதில் ஒரு விலை இருக்கிறது. மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நான்காவது ஆள் வந்தால், ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் கயிறுகளையும் சற்று மாற்றிப் பிடிக்க வேண்டிவரலாம். அந்த நொடியில் பேச்சு அறுபடும். க்ளோஸின் 19 பெட்டி அமைப்பில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. மாற்றிப் பிடிக்கலாம் என்று ஒப்புக்கொண்டால் நடுவில் 10 பெட்டியே போதும், சந்திப்புகளும் 3,000-ஆகக் குறையும். 2,700 சந்திப்புகளின் எடையா, ஒரு நொடி அறுபடாத பேச்சா? புயல் எச்சரிக்கை போய்க்கொண்டிருக்கும் பாதை என்றால் ஒரு பதில், திரைப்படம் ஓடும் பாதை என்றால் வேறு பதில்.

நேரத்தைப் பங்கிடுதல்

மாற்றிப் பிடிப்பதே வழக்கமாகிவிட்டால் அறுபடல் என்ற பேச்சே இல்லை. 1989 முதல் ஏவப்பட்ட இன்டெல்சாட்-6 வரிசைச் செயற்கைக்கோள்களில் இந்த யோசனை நடைமுறைக்கு வந்தது. தரை நிலையங்கள் தங்கள் தகவலைச் சிறு துண்டுகளாக்கி முறைவைத்து அனுப்பும். செயற்கைக்கோளிலுள்ள சுவிட்ச் அணி, இரண்டு மில்லிவினாடி கொண்ட ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் பல தடவை இணைப்பை மாற்றும். 1993 செப்டம்பரில் டிஸ்கவரி விண்ணோடம் கொண்டுசென்ற நாசாவின் ஏக்ட்ஸ் செயற்கைக்கோள் இன்னும் ஒரு படி போய், கற்றைகளையே இடம் விட்டு இடம் தாவச் செய்தது.

இதற்கான கால அட்டவணை போடுவது நம் பள்ளிக் கால அட்டவணை போடுவதைப் போன்றதே. ஒரு ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்க முடியாது, ஒரு வகுப்புக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஆசிரியர் வர முடியாது. ஒரு கற்றைக்கும் அதே விதி. மூன்று கற்றைகளை அ, ஆ, இ என்போம். அ-விலிருந்து அ-வுக்கு 4, ஆ-வுக்கு 1, இ-க்கு 1 துண்டுகள் போக வேண்டும். ஆ-விலிருந்து அதே வரிசையில் 1, 2, 3. இ-யிலிருந்து 1, 3, 2. இதை 3 × 3 அணியாக எழுதினால் ஒவ்வொரு நிரையின் கூடுதலும் 6, ஒவ்வொரு நிரலின் கூடுதலும் 6. எப்படிப் பார்த்தாலும் 6 நேரத்துண்டுகளுக்குக் குறைவாக முடிக்க முடியாது. சரியாக ஆறிலேயே முடிக்க முடியுமா?

விடை: முதல் மூன்று துண்டுகளில் அ-அ, ஆ-இ, இ-ஆ. நான்காவதில் ஒவ்வொன்றும் தனக்குத்தானே. ஐந்தாவதில் அ-ஆ, ஆ-அ, இ-இ. ஆறாவதில் அ-இ, இ-அ, ஆ-ஆ. அணியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் பூச்சிய அணி மிஞ்சும். நிரை, நிரல் கூடுதல்கள் எல்லாம் சமமாக இருக்கும் குறையற்ற முழு எண் அணி எதையும் இப்படி உடைத்துவிடலாம் என்பது நிறுவப்பட்ட தேற்றம். கூடுதல்கள் சமமில்லாவிட்டால் அவற்றில் மிகப் பெரியதே தேவையான நேரம். பதினொன்றாம் வகுப்பில் அணிகளின் கூட்டலும் கழித்தலும் நடத்தும்போது இந்த ஒரு கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

அலைகளே வழி சொல்லும்போது

சுவிட்சே இல்லாமல் வழிமாற்றும் ஒரு கருவியும் உண்டு. இயற்பியல் ஆசிரியர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். எட்டுக் கற்றைகளுக்கு எட்டுப் பெருக்கிகள் இருக்கின்றன. இன்று ஒரு கடலோரத்தில் புயல். அந்தக் கற்றையில் மட்டும் நெரிசல். அதன் பெருக்கி திணறும், மற்ற ஏழும் பாதிச் சுமையில் நிற்கும். ஏழின் சக்தியை ஒன்றுக்குக் கடன் கொடுக்க முடியுமா?

முடியும். சிக்னலை எட்டுப் பெருக்கிகளுக்கும் சமமாகப் பிரித்து அனுப்பி, வெளியே வந்ததும் வேண்டிய கற்றையில் மட்டும் மீண்டும் சேர்க்கும் முறை அது. இரண்டு பாதைகளுக்கு மட்டும் இதைச் செய்து பார்ப்போம். ஒரு இணைப்பான், வரும் சிக்னலை இரண்டாகப் பிரிக்கிறது. நேரே போகும் பாதிக்குக் கட்ட மாற்றம் இல்லை, குறுக்கே போகும் பாதி 90 பாகை பின்தங்குகிறது. இரண்டு பாதியும் தனித்தனிப் பெருக்கியில் வளர்ந்து, இன்னொரு அதே மாதிரி இணைப்பானுக்குள் நுழைகின்றன. மேல்வாசலுக்கு வரும் இரண்டு அலைகளைப் பாருங்கள். ஒன்று நேர்-நேராக வந்தது, பின்தங்கல் 0. மற்றது குறுக்கு-குறுக்காக வந்தது, பின்தங்கல் 180 பாகை. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கீழ்வாசலுக்கு வருபவை நேர்-குறுக்கு, குறுக்கு-நேர். இரண்டுமே 90 பாகை. இரண்டும் சேர்ந்து முழுமையாகும். ஆக மேலே நுழைந்த சிக்னல் இரண்டு பெருக்கிகளின் உழைப்பையும் வாங்கிக்கொண்டு கீழ்வாசலில் மட்டும் வெளியேறுகிறது. கீழே நுழைந்தது மேல்வாசலில். குறுக்கீட்டு விளைவை யங் சோதனையில் மட்டும் காட்டி நிறுத்தாமல், இதையும் ஒரு கணக்காகக் கொடுக்கலாம்.

இத்தகைய இணைப்பான்களை அடுக்கி எட்டுக்கும் பதினாறுக்கும் விரிப்பது பட்லர் அணி எனப்படுகிறது. 1961-இல் ஜெசி பட்லரும் ரால்ப் லோவும் ஆண்டெனாக் கற்றைகளுக்காக இதை வெளியிட்டார்கள். எட்டுப் பாதைகளுக்கு மூன்று அடுக்கு, அடுக்குக்கு நான்கு, 12 இணைப்பான்கள் போதும். நான்கே ஆண்டுகள் கழித்து, 1965-இல் கூலியும் டூக்கியும் கணினியில் ஃபூரியர் மாற்றத்தை விரைவாகக் கணிக்கும் முறையை வெளியிட்டார்கள். இரண்டின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே பின்னல். ஒருவர் உலோகக் குழாயில் செய்ததை இன்னொருவர் எண்களில் செய்திருக்கிறார். நாம் தரையில் கயிற்றால் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

பலவீனமும் இருக்கிறது. எட்டுப் பெருக்கிகளும் ஒன்றுபோலவே நடந்துகொள்ள வேண்டும். ஒன்றின் கட்டம் சற்று விலகினாலும் அழிய வேண்டிய அலை முழுவதும் அழியாமல் பக்கத்துக் கற்றையில் கசியும். வெளியேறும் பக்கத்து அணி பெரிய சக்தியைத் தாங்குவதால் அது இழப்புக் குறைந்த உலோகக் குழாய்களால் ஆனது, எடையும் கூடும்.

பழுதுக்கு யார் போவது

35,786 கிலோமீட்டர் உயரத்துக்கு மெக்கானிக்கை அனுப்ப முடியாது. அதனால் எட்டுப் பெருக்கி வேண்டிய இடத்தில் பத்து வைத்து, சுற்றிலும் வளையமாகச் சுவிட்சுகளை அமைக்கிறார்கள். ஒன்று செத்தால் சிக்னலை அண்டை வீட்டுக்கு நகர்த்திக்கொண்டே போய் உபரியை எட்டுவது. இதில் ஒரு வகைச் சுவிட்சுக்கு நான்கு வாசல்கள், மூன்று நிலைகள். ஏன் மூன்று? நான்கு பேரை இரண்டிரண்டாக ஜோடி சேர்க்க எத்தனை வழி என்று கேளுங்கள். சரியாக மூன்று. ஆறு பேர் என்றால் பதினைந்து. இந்தச் சுவிட்சுகள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்துவிட்டு, கட்டளை வந்த அன்று மட்டும் ஒட்டாமல் திரும்ப வேண்டும். இருப்பதிலேயே கடினமான வேலை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்முறைக்கு மாறினால் இந்தக் குழாய்கள் எல்லாம் தேவையில்லையே என்று கணினி அறிவியல் ஆசிரியர்கள் கேட்கலாம். உண்மைதான். 200-க்கும் மேற்பட்ட குறுங்கற்றைகள் கொண்ட இன்மார்சாட்-4 வரிசையில் வழிமாற்றும் வேலையைச் செய்வது எண்முறைச் செயலி. ஒவ்வொன்றிலும் 48 கற்றைகள் கொண்ட 66 இரிடியம் செயற்கைக்கோள்கள் தங்களுக்குள்ளேயே அழைப்பைக் கைமாற்றிக்கொள்கின்றன. ஆனால் செயலிக்கு மின்சாரம் வேண்டும், வெப்பம் வெளியேற வேண்டும், கதிர்வீச்சைத் தாங்க வேண்டும். அதற்குள்ளேயும் அடுக்கப்படுவது க்ளோஸின் பெட்டிகளும் கூலி-டூக்கியின் பின்னலுமே.

மேலேயே வழிமாற்றுவதன் பயனை ஒரு வகுத்தல் கணக்கில் காட்டலாம். தரையிலிருந்து மேலே போய்க் கீழே வர 71,572 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 0.24 வினாடி. கற்றைகளை இணைக்கும் வேலையைத் தரையிலுள்ள மையம் செய்தால், ஒரு பயனர் இன்னொரு பயனரிடம் பேச மேலே-கீழே இரண்டு முறை போக வேண்டும், 0.48 வினாடி. பதில் வர இன்னொரு 0.48. பேசுபவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பார்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி வடம் தொடங்கப்படும் வரை அந்தத் தீவுகள் வெளியுலகத்தோடு பேசச் செயற்கைக்கோளைத்தான் நம்பியிருந்தன.

வகுப்பில் செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. கயிற்று விளையாட்டுக்கு நான்கு நிறக் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறம் என்றால் ஐந்து நிமிடத்தில் யாருக்கும் எது எதுவென்று தெரியாது. எட்டுக் கயிற்றுக்கு வகுப்பறை போதாது, மைதானம் வேண்டும், இருபது பேர் வேண்டும். அதற்கு முன் தாளில் இந்தக் கேள்வியைக் கொடுத்துவிடுங்கள்: நான்கு பாதைகளுக்கு ஆறு சுவிட்சுகளில் ஒன்றை எடுத்துவிட்டால் 32 அமைப்புகள் மிஞ்சும், 24-ஐ விட அது அதிகம். அப்படியானால் எந்தச் சுவிட்சை எடுத்தால் இருபத்து நான்கும் இன்னும் கிடைக்கும்?